மணக்க மணக்க ஒரு பொய்

"கையை நீட்டு" என்றார் ரிகோ மேடம்.

நீட்டினேன். எட்டு வருடமாக அவருடைய துப்பறியும் ஆபீஸில் உதவியாளனாக இருக்கிறேன். கையை நீட்டச் சொன்னால் அது சம்பளமாக இருக்காது என்பது எனக்குத் தெரியும். புஸ்ஸென்று ஒரு சத்தம். மணிக்கட்டில் ஜில்லென்று ஏதோ விழுந்தது.

"இன்னொரு கை."

"மேடம், இது பொம்பளைங்க பூசுற சென்ட்."

"சென்ட்னு சொல்லாதே. பாட்டில் முந்நூத்தி நாப்பது யூரோ. அந்த விலைக்கு வந்துட்டா அதுக்குப் பேரு பெர்ஃப்யூம். கழுத்தைக் காட்டு."

கழுத்து, காதோரம், சட்டைக் காலர், கோட்டின் உள்பக்கம், கடைசியில் மிச்சமிருக்கும் என் தலைமுடி. தோட்டத்துக்கு மருந்தடிக்கிற மாதிரி அடித்து முடித்துவிட்டுத்தான் மேடம் பாட்டிலைக் கீழே வைத்தார். பாட்டிலோடு ஒரு சின்னக் காகிதமும் வந்திருந்தது. எடுத்துப் படித்தேன்.

"'மே விடியல். பனியில் கண்விழித்த ஒன்பதாயிரம் ரோஜாக்கள் உங்கள் தோளில் சாய்ந்து தங்கள் ரகசியத்தைச் சொல்கின்றன.' ரோஜாவுக்கு என்ன மேடம் ரகசியம்? போன வாரம் யாரு உரம் போட்டாங்கங்கிறதா?"

"கேட்டுப் பாரேன். உன் தோள்லதானே சாஞ்சிருக்கு."

கேட்டேன். முதல் நிமிடம் ரோஜா ரோஜாவாகத்தான் இருந்தது, நியாயமாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது நிமிடம் மல்லிகை எட்டிப் பார்த்தது. மூன்றாவது நிமிடம் யாரோ பீரோவைத் திறந்து பழைய கம்பளிக் கோட்டை என் முகத்தில் போர்த்தினார்கள். அந்துருண்டை! அதற்கும் பின்னால், அடைத்துக்கொண்ட சாக்கடை. என் அப்பா கான் என்கிற கடற்கரை ஊரில் மீன்கடை வைத்திருந்தவர். நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். மீன் நாற்றத்தில் ஒரு நேர்மை உண்டு, அது தன்னை மீன் என்றே சொல்லிக்கொள்ளும்.

"கெட்டுப் போச்சு இல்ல?" என்றது எதிர் நாற்காலி.

எதிர் நாற்காலியில் எங்கள் கட்சிக்காரி சொலேன் உட்கார்ந்திருந்தாள். இருபத்தொன்பது வயது. பெல்லோன் வாசனைக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். மூன்று நாளாகத் தூங்காத கண்கள்.

"சொலேன், இன்னொரு தடவை சொல்லும்மா. நேத்து இவன் லீவு" என்றார் மேடம்.

"திங்கக்கிழமை காலைல 'மே விடியல்' எசன்ஸ் அறுபது கிலோ தயாரா இருந்துச்சு. எங்க கம்பெனியில ஒரு வழக்கம். கடைசித் துளியை, துளின்னு பேருதான், அரைக் குப்பி போகும், மூக்குதான் தன் கையால விடணும். அப்ப அந்த ரூம்ல வேற யாரும் இருக்கக் கூடாது."

மூக்கு என்பது கேலி இல்லை, பட்டம். வாசனைத் தொழிலுக்குப் பேர்போன எங்கள் கிராஸ் ஊரில் வாசனையை உருவாக்கும் கலைஞரை அப்படித்தான் சொல்வோம். மற்ற ஊர்களில் மேயருக்கு எழுந்து நிற்பார்கள், எங்கள் ஊரில் மூக்குக்கு. பெல்லோன் கம்பெனியின் மூக்கு முசியே அன்செல்ம் தார்போ. அவர் தும்மினால்கூட மறுநாள் பேப்பரில் வரும்.

"பதினோரு மணிக்கு வெளில வந்தாரு" என்று தொடர்ந்தாள் சொலேன். "'முகர்ந்து பார்த்தேன், குறையே இல்லை'ன்னு ரிஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. பன்னெண்டு மணிக்குப் பத்திரிகைக்காரங்களுக்கு சாம்பிள் ரொப்பறதுக்காக நான் உள்ள போனேன். டிரம் மூடியைத் திறந்ததும் தெரிஞ்சுபோச்சு. இண்டோல்! அது ஒரு துளி இருந்தாதான் மல்லிகை மல்லிகையா இருக்கும். கூடிப்போச்சுன்னா இந்தக் கதிதான். ஒரு பாட்டில் ரொப்பி எடுத்துக்கிட்டு முதலாளியம்மாகிட்ட ஓடினேன்."

"அவங்க?"

"மூக்கைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. 'பதினோரு மணிக்கு நான் முகர்ந்தப்ப அருமையா இருந்தது. அதுக்கப்புறம் உள்ள போனது இவ ஒருத்திதான்'னு சொல்லிட்டாரு. என்னை வெளில தள்ளிட்டாங்க. சனிக்கிழமை அறிமுக விழாவாம், அதுக்குள்ள வேணும்னே கெடுத்துட்டேனாம். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போலீஸ்ல புகார் குடுக்கிறாங்க. அது போகட்டும். ஊர்ல இருக்கிற எல்லா வாசனைக் கம்பெனிக்கும் கடிதம் போகுது, 'இவளைச் சேர்க்காதீங்க'ன்னு. மேடம், எனக்கு ரெண்டாயிரம் வாசனை மனப்பாடம். வேற ஒரு தொழிலும் தெரியாது."

அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது எனக்கு.

"தார்போ உன்கிட்ட எப்படி? சிடுசிடுப்பாரா?" என்று கேட்டார் மேடம்.

"அதான் மேடம் தாங்க முடியல. ரெண்டு வருஷமா தினமும் எனக்குப் பாடம் நடத்தினவரு. காகிதப் பட்டையை நனைச்சுக் குடுத்து, 'முதல்ல நீ சொல்லு, என்னென்ன தெரியுது, எது தூக்கலா இருக்கு'ன்னு கேப்பாரு. நான் சொல்லச் சொல்ல எழுதிக்குவாரு. தப்புன்னு ஒரு நாள்கூடச் சொன்னதில்லை."

"தினமுமா?"

"தினமும்."

மேடம் பாட்டிலை மறுபடி எடுத்து என் டையின் மேல் இரண்டு தடவை அடித்தார்.

"ஃபிர்மின், சாயங்காலம் வரைக்கும் கழுவக் கூடாது. பஸ்ல போ, காபி குடி, நாலு பேர் நடுவுல உக்காரு. யார் என்ன சொன்னாலும் எழுதிக்கோ. மூணு மணிக்கு பெல்லோன் பின்வாசலுக்கு வா."

"எதுக்கு மேடம் இந்த தண்டனை?"

"சரக்கு கெட்டுப்போனது எத்தனை பேருக்குத் தெரியுதுன்னு பாக்கணும்."

அவர் சொல்கிற முதல் காரணம் எப்போதும் பொய்யாகத்தான் இருக்கும். இருந்தாலும் போனேன்.

பஸ்ஸில் ஏறியதும் என் பக்கத்து ஸீட் காலியானது. அடுத்த நிறுத்தத்தில் முன் ஸீட். கூடை நிறையக் காய்கறி வாங்கிக்கொண்டு வந்த ஒரு கிழவி என்னைப் பார்த்து, "பாவம், பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்காளா?" என்றாள்.

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்க."

"ஆகாது" என்றாள் அவள், ஜன்னலைத் திறந்தபடி.

எழுதிக்கொண்டேன்.

சதுக்கத்துக் கஃபேயில் பரிமாறுகிற மார்ஸோ என்னை வெளி மேஜைக்கே அனுப்பினான். காபியைக் கையை நீட்டி எட்ட வைத்துவிட்டு, "ஃபிர்மின், செத்துப்போனது யாரு?" என்று கேட்டான்.

"ஒன்பதாயிரம் ரோஜா" என்றேன்.

பக்கத்து மேஜையில் பாரிஸிலிருந்து வந்த தம்பதி. அவர்களுடைய வெயில் கண்ணாடிகளின் விலைக்கு நான் ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். அந்த அம்மாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு கணவனிடம் சொன்னாள்: "சாக்கடையைத் திறந்து வெச்சிருக்காங்க பாரு. இந்தத் தெற்கத்தி ஊரே இப்படித்தான்."

எனக்கு எரிச்சல் வந்தது. ஊரை யாராவது திட்டினால் எனக்குப் பொறுக்காது, திட்டுவது என் உரிமை.

"மன்னிக்கணும், அது சாக்கடை இல்லை மதாம். நான்தான். பெல்லோன் கம்பெனியோட 'மே விடியல்'. இன்னும் கடைக்கே வரல. முந்நூத்தி நாப்பது யூரோ."

அந்த முகம் மாறிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுளித்த மூக்கு அப்படியே விரிந்தது. "ஓ!" என்றாள். நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு வந்தாள். "கையைக் குடுங்க." குடுத்தேன். கண்களை மூடினாள். "அதான் பார்த்தேன்... என்ன ஒரு துணிச்சல்! சாதாரண மூக்குக்கு இது புரியாது. அடியில ஏதோ மிருகம் மாதிரி... உயிருள்ள மாதிரி... இல்லையா, எட்மோன்?"

"ஆமாமா" என்றான் எட்மோன், வாயால் மூச்சு விட்டபடி.

"நீங்க ஆம்பளையா இருந்தும் இதைப் பூசியிருக்கீங்களே, அது இன்னும் துணிச்சல்."

"எங்க மேடத்தோட துணிச்சல்ங்க" என்றேன். தூ! இந்த ஜனத்துக்குச் சாக்கடையையே தங்கமூடி போட்டு விற்கலாம். காபிக்கு அந்த அம்மாளே காசு கொடுத்தாள். எழுதிக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மத்தியானம் ரொட்டி சாப்பிடும்போது என் மேல் ஒரு வாசனையும் இல்லை. மணிக்கட்டை மூக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மூன்று மணிக்குப் பின்வாசலில் மேடத்திடம் அதைத்தான் முதலில் சொன்னேன்.

"போயிடுச்சு மேடம். முந்நூத்தி நாப்பது யூரோ, மூணு மணி நேரம்கூடத் தாங்கல."

"அப்படியா, நல்லது" என்றார் அவர், என்னிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றபடி.

"முன்வாசல் இருக்க, எதுக்குப் பின்வாசல்?"

"முன்வாசல்ல ஒருத்தி உக்காந்து வர்றவங்களையெல்லாம் முகர்ந்து பார்த்துதான் உள்ள விடுவா. இந்தக் கம்பெனியில யாரும் வாசனை பூசக் கூடாது. மூக்கு கெட்டுடுமாம். தெரியும்ல?"

தெரியும். ஊரே சிரிக்கிற விஷயம்தானே அது. உலகத்துக்கெல்லாம் சென்ட் விற்பார்கள், ஒருத்தர்கூடப் பூச மாட்டார்கள். சோப்புக்கும் வாசனை இருக்கக் கூடாது, வாரநாளில் பூண்டு கூடாது. இந்தப் பக்கத்து ஆள் பூண்டில்லாமல் ஐந்து நாள் சாப்பிடுவதைவிட சாமியாராகப் போகலாம். அவர்களில் ஒருத்தருக்காவது தங்கள் சரக்கைப் பூசிக்கொண்டு பஸ்ஸில் போனால் எப்படியிருக்கும் என்று தெரியுமா? தெரியாது. காகிதப் பட்டைதான் அவர்களுக்கு மனுஷன்.

பின்வாசலில் ரோஜா மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அறுவடை வாரம், வாசலே இளஞ்சிவப்பாகக் கிடந்தது. மூட்டைகளுக்கு நடுவே நுழைந்து, யார் கண்ணிலும் படாமல் மேடம் என்னை மாடிக்குக் கூட்டிப்போனார்.

மேடம் போனில் நேரம் வாங்கியிருந்தார் போல, முசியே தார்போவே எழுந்து வந்து கதவைத் திறந்தார். உயரம், நரைத்த தலை, கழுத்தில் பட்டுத் துணி. அவருக்குப் பின்னால் அரைவட்டமாக ஐந்து தட்டு அலமாரி, புதிதாக வெள்ளை அடித்திருந்தது. அதில் முந்நூறு குப்பிகளாவது இருக்கும். ஒன்றிலும் பெயர் ஒட்டவில்லை.

என்னை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால் இடிக்கும் தூரத்தில் எதிரே உட்கார்ந்தார். மேடம் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

"உங்களைப் பாத்தா மனசுக்கு நிறைவா இருக்கு" என்றார் தார்போ என்னிடம். "இங்க வர்ற பத்திரிகைக்காரங்க ஒவ்வொருத்தரும் எதையாவது அள்ளிப் பூசிக்கிட்டுத்தான் வருவாங்க. எனக்குத் தலைவலி வந்துடும். நீங்க ஒருத்தர்தான் சுத்தமா வந்திருக்கீங்க. மூக்குக்கு மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

எனக்குப் பெருமையாகிவிட்டது. "எங்க வீட்டுல அப்படித்தாங்க வளர்த்தாங்க" என்றேன்.

ஜன்னலோரம் மேடம் லேசாக இருமினார்.

"திங்கக்கிழமையைப் பத்திச் சொல்லுங்க, முசியே."

"அதுல சொல்ல என்ன இருக்கு? கடைசித் துளி விட்டேன். 'ரோஜா உச்சம்'னு நாங்க சொல்ற கெட்டியான ரோஜாச் சாறு. முகர்ந்தேன். அப்படியே ஒரு தோட்டம் கதவைத் திறந்த மாதிரி இருந்தது. பதினோரு மணி. அப்புறம் அந்தப் பொண்ணு உள்ள போனா."

"இந்தக் குப்பிகள்ல ஒண்ணுலயும் பேரே இல்லையே?"

தார்போ சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே நான் ஒரு அறை விட்டிருப்பேன். "பேரு படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு. நான் மூக்கால படிக்கிறவன். முப்பது வருஷமா இந்த அலமாரியில ஒரு எழுத்துகூட கிடையாது."

"வெள்ளை அடிச்சிருக்கீங்க போல."

"போன வாரம்."

"குப்பிகளை முன்ன இருந்த வரிசையிலயே அடுக்கினாங்களா?"

"வரிசை எனக்கு எதுக்கு மதாம்?"

"அதுவும் சரிதான்" என்றார் மேடம். "சொலேன் ஏன் இப்படிச் செய்யணும்?"

"பொறாமை. கொஞ்சம் கத்துக் குடுத்தா, தானே மூக்குன்னு நினைச்சுக்கிறாங்க. பாட்டில்ல தன் பேரும் வேணும்னு கேட்டா. பத்து வருஷம் ஆகட்டும்னேன். அந்தக் கோபம்."

"இப்ப அவ கதி?"

"சின்ன வயசு. வேற ஏதாவது வேலை கிடைக்கும். துணிக்கடை, பூக்கடை..."

அதை அவர் சொன்ன விதம்! கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரி. நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது.

முதலாளியம்மா மதாம் பெல்லோன். கையில் நீலக் கோப்பு, அதில்தான் புகாரும் கடிதங்களும். மணி நாலு. ஒரு காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றார். கோப்பாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கடவுளே! யாரு இந்த நாத்தத்தை இங்க கொண்டுவந்தது? அதே சனியன்! டிரம்மை இங்கயா திறந்தீங்க?"

"என்ன நாத்தம்?" என்றார் தார்போ.

கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்தது. என்னைப் பார்த்தார். என் காலர், என் டை, என் கை. நானும் என் கையைத்தான் பார்த்தேன். அட நாசமாப் போக! போகவே இல்லை. காலையிலிருந்து என் மேலேயேதான் இருந்திருக்கிறது. பழகிப்போய் எனக்குத்தான் தெரியவில்லை. எனக்குத் தெரியாததற்குக் காரணம் உண்டு. இவருக்கு?

"முக்கால் மணி நேரம்" என்றார் மேடம், ஜன்னலிலிருந்து திரும்பாமல். "முழங்கால் இடிக்கிற தூரம். பஸ்ல ஒரு கிழவி ஜன்னலைத் திறந்தா. கஃபேயில மார்ஸோ வெளி மேஜைக்கு விரட்டிட்டான். பிரான்ஸோட பெரிய மூக்கு என்ன சொல்லுது? 'நீங்க ஒருத்தர்தான் சுத்தமா வந்திருக்கீங்க.'"

"எனக்கு... இன்னிக்கு லேசா ஜலதோஷம்" என்றார் தார்போ.

"சரி. முகர வேண்டாம். அந்த ரோஜா உச்சத்தை எடுத்துக் குடுங்க. திங்கக்கிழமை எதை விட்டீங்களோ அதை."

அவர் கை தானாகப் போனது. மூன்றாவது தட்டு, இடமிருந்து ஐந்தாவது குப்பி. முகரவில்லை, யோசிக்கவில்லை. மேடம் அதை வாங்கி மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார். எனக்கு வேறு என்ன வேலை? முகர்ந்தேன். பாரிஸ்காரி மட்டும் அங்கே இருந்திருந்தால் துணிச்சல் என்று கூத்தாடியிருப்பாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அந்துருண்டை" என்றேன், மூச்சு வந்ததும்.

"பெயின்டரை மத்தியானமே பார்த்தேன்" என்றார் மேடம். "மூணாவது தட்டைக் கழட்டி மாட்டினப்ப, குப்பிகளைக் கைக்கு வந்தபடி அடுக்கினேன்னான். 'பேரு இல்லையே, எப்படி அடுக்கினா என்ன'ன்னு கேட்டான், நியாயமாத்தான். மூக்கு இருக்கிறவருக்கு வரிசை வேண்டாம். மூக்கு போனவருக்கு வரிசையை விட்டா வேற எதுவும் இல்லை. பதினோரு மணிக்கு இவர் ஒண்ணையும் முகரல. கெடுத்தது சொலேன் இல்லை. இவர் கைதான். எப்ப போச்சு, முசியே? ரெண்டு வருஷம் முன்னாடியா? பாடம் ஆரம்பிச்சப்ப?"

தார்போ உட்கார்ந்துவிட்டார். பட்டுத் துணியைப் பிடித்து இழுத்தார். "ஒரு காய்ச்சல்" என்றார். "பத்து நாள். எழுந்தப்ப காபி வெந்நீரா இருந்தது. அவ்வளவுதான். வெளில தெரிஞ்சா நான் என்ன ஆவேன்?"

"சொலேன் என்ன ஆவான்னு கேட்டீங்களா?" என்று நான் கத்திவிட்டேன். மேடம் என்னைத் தடுக்கவில்லை.

இதற்குள் முதலாளியம்மா மயங்கி விழுவார், அல்லது அந்த ஆளை ஓங்கி அறைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். பிறகு கோப்பை மேஜையில் வைத்துவிட்டு, ரொட்டிக்கடையில் சில்லறை கேட்கிற குரலில் கேட்டார்:

"இது இன்னும் யாருக்குத் தெரியும்?"

மேடம் அப்போதுதான் ஜன்னலை விட்டுத் திரும்பினார். அவர் முகத்தில் அருவருப்பைப் பார்ப்பது எனக்கு அதுவே முதல் தடவை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"காய்ச்சல் வந்த மறுவாரமே தெரியும். இந்தக் கம்பெனி இவர் பேரை விக்குது, மதாம். மூக்கை இல்லை. பேருக்கு ஜலதோஷம் பிடிக்காது."

"கடைசியா வந்த ரெண்டு வாசனையும்?"

"அந்தப் பொண்ணோட மூக்கு, இவரோட கையெழுத்து. யாருக்கு நஷ்டம்? அவளுக்குத்தான் மாசாமாசம் சம்பளம் குடுத்தோமே. திங்கக்கிழமை இப்படி ஆயிடுச்சு. அறுபது கிலோ கெட்டதுக்கு யாராவது ஒருத்தர் காரணமா இருக்கணும். இவரா இருக்க முடியாது. மிச்சம் இருந்தது அவ ஒருத்திதான்."

இதைச் சொல்லும்போது அந்த அம்மாள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணின் பிழைப்பு அது! மீன்கடையில் நேற்றைய மீனை இன்றைய மீன் என்று விற்ற ஆளை என் அப்பா தெருவில் நிறுத்தித் திட்டுவார். அந்த ஆளும் தலைகுனிவான். இங்கே குனிய ஒரு தலையும் இல்லை.

"வெளில சொல்லிப் பாருங்க" என்றார் முதலாளியம்மா. "ஒரு பக்கம் தார்போ. இன்னொரு பக்கம் வேலை போன பொண்ணு, நீங்க, அப்புறம் இந்த... இந்த ஆளு. ஊர் யாரை நம்பும்?"

"ஊர் தார்போவைத்தான் நம்பும்" என்று ஒப்புக்கொண்டார் மேடம். "அதனால நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. சனிக்கிழமை விழாவுக்கு எத்தனை பத்திரிகைக்காரங்க?"

"இருநூறு."

"ஃபிர்மின் இதே சட்டையோட வருவான். முன்வரிசையில உக்காருவான். அன்னிக்குக் காலைல இன்னும் அரை பாட்டில் அடிச்சு விடறேன். இருநூறு பேர் மூக்கைப் பொத்திக்குவாங்க. மேடையில ஒருத்தர் மட்டும் சிரிச்சுக்கிட்டு நிப்பாரு. அதை அவங்களே எழுதிக்குவாங்க, நான் எதுக்கு வாய் வலிக்க?"

"சட்டையைத் துவைக்கவும் மாட்டேன்" என்றேன். "சனிக்கிழமைக்குள்ள அது தானே நடந்து வரும்."

முதலாளியம்மாவின் கன்னத்தில் சிவப்பு ஏறி இறங்கியது. தார்போ கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"என்ன வேணும்?" என்றார் முதலாளியம்மா.

"அந்தக் கோப்பு. அப்புறம் ஒரு கடிதம். அதே கம்பெனிகளுக்கு, அதே முகவரிக்கு. திங்கக்கிழமை தப்பு சொலேனோடது இல்லை. கடைசி ரெண்டு வாசனையும் அவ உருவாக்கினது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

"ரெண்டாவது வரி முடியாது."

"அப்ப சனிக்கிழமை பாக்கலாம். வா, ஃபிர்மின்."

நான் எழுந்து, வேண்டுமென்றே முதலாளியம்மாவுக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்தேன்.

"நில்லுங்க" என்றார் முதலாளியம்மா, கைக்குட்டைக்குள்ளிருந்து.

சொலேன் தெருவில்தான் காத்திருந்தாள். அவளை வெளியே தள்ளிய கம்பெனியின் முன்வாசல் வழியாகவே நான் கூட்டிக்கொண்டு வந்தேன். முகர்ந்து பார்க்கிற அம்மாள் என்னைக் கண்டதும் நாற்காலியோடு பின்னால் போனாள், அது வேறு கதை. மாடிக்கு வந்தபோது கடிதம் டைப் ஆகியிருந்தது. முதலாளியம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். தார்போவின் பேனா மட்டும் தாளுக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது.

சொலேன் கடிதத்தைப் படித்தாள். முதல் வரியில் மூச்சு விட்டாள். இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். திரும்பப் படித்தாள். தார்போவைப் பார்த்தாள்.

"அந்த ரெண்டும்... நானா?"

அவர் தலை மட்டும் ஆடியது.

"நான் பாடம் படிக்கிறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் அவள். "தப்பாச் சொல்லிடுவேனோன்னு ராத்திரியெல்லாம் தூங்காம... நீங்க ஒரு தடவைகூடத் திருத்தலையேன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

இப்போது அழுதாள். நானும் டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மறைப்பானேன். தார்போ குனிந்து கையெழுத்துப் போட்டார். கோணல்மாணலாக வந்தது. மேடம் தாளை உடனே எடுத்து மை காய ஊதினார்.

முதலாளியம்மா சட்டென்று வேறு முகத்தை மாட்டிக்கொண்டார். பாரிஸ்காரியைவிட வேகம். "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. சம்பளம் மூணு மடங்கு. பாட்டில்ல ரெண்டாவது பேரா உன் பேரு. இன்னிக்கு ராத்திரியே உக்காந்தா சனிக்கிழமைக்குள்ள இருநூறு பாட்டிலுக்காவது நல்ல எசன்ஸ் பண்ணிடலாம். உன்னால முடியும்னு எனக்குத் தெரியும்."

சொலேன் கண்களைத் துடைத்துக்கொண்டாள். கடிதத்தின் ஒரு பிரதியை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க, மதாம்? முசியே தார்போ இருக்காரே."

அவள் படி இறங்குகிற சத்தம் கடைசிப் படி வரை கேட்டது. முதலாளியம்மா மெல்லத் திரும்பி அந்த ஆளைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.